கையடக்கக் கருவியின் விலையைப் பிரித்துப் படிப்பது எப்படி

2011-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நிண்டெண்டோ நிறுவனம் தன் 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வெளியிட்டது. அதை வாங்கிக் கழற்றிப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், உள்ளே இருக்கும் பாகங்களுக்கும் அவற்றைப் பூட்டுவதற்கும் சேர்த்துச் சுமார் 103 டாலர் ஆகியிருக்கும் என்று கணித்தது. ஐந்து மாதம் முடிவதற்குள், ஆகஸ்டில், விலை 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. அந்த விலையில் கருவி அடக்க விலைக்கும் கீழே போகிறது என்று நிண்டெண்டோவே தன் முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டது. 103 டாலரில் முடியும் பொருளை 170 டாலருக்கு விற்றால் நட்டம் எப்படி வரும்? இடையிலுள்ள 67 டாலர் எங்கே போயிற்று என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கடையில் இருக்கும் எந்தக் கைப்பேசியின் விலையையும், எந்த விளையாட்டுக் கருவியின் விலையையும் ஓரளவு பிரித்துப் படிக்கத் தெரியும். அந்தப் பிரிப்பைச் செய்யும் முறையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

விலைச்சீட்டிலிருந்து கீழே இறங்குதல்

பலரும் பாகங்களின் விலையைக் கூட்டிக்கொண்டு கீழிருந்து மேலே ஏறப் பார்க்கிறார்கள். அதற்கு மாறாக, நாம் கொடுக்கும் தொகையில் தொடங்கி, வழியில் யார் யார் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள் என்று கழித்துக்கொண்டே கீழே இறங்குவதுதான் சரியான வழி.

முதலில் வரி. இந்தியாவில் பெட்டியின் மேல் அச்சிடப்படும் அதிகபட்சச் சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. கைப்பேசிக்கு 2020 ஏப்ரல் முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 20,000 ரூபாய்க்கு பில் போட்ட ஒரு கைப்பேசியில் வரி எவ்வளவு என்று கேட்டால், 20,000-இல் 18 சதவீதமாகிய 3,600 ரூபாய் என்று சொல்லத் தோன்றும். அது தவறு. வரிக்கு முந்தைய விலையின் மேல்தான் 18 சதவீதம் ஏற்றப்படுகிறது என்பதால், 20,000-ஐ 1.18-ஆல் வகுக்க வேண்டும். அப்போது வரிக்கு முந்தைய விலை சுமார் 16,949 ரூபாய், வரி 3,051 ரூபாய் என்று வரும். முழுதாக இறக்குமதியான கருவி என்றால், துறைமுகத்தில் சுங்க வரி ஏற்றப்பட்டு, அந்தக் கூட்டுத்தொகையின் மேல் ஜி.எஸ்.டி. ஏறுகிறது, வரிக்கு மேல் வரி என்று மக்கள் சலித்துக்கொள்வது இந்த இடத்தில் கணக்குப்படியே உண்மை. அமெரிக்காவிலோ விலைச்சீட்டில் விற்பனை வரி சேர்க்கப்படுவதில்லை. ஆகவே அமெரிக்க டாலர் விலையை ரூபாயாக மாற்றி, நம் ஊர் விலையோடு நேராக வைத்து ஒப்பிடுபவர் தொடக்கத்திலேயே தடுக்கி விழுகிறார்.

அடுத்தது கடைக்காரரின் பங்கு. இங்கே இரண்டு கணக்குகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 100 ரூபாய்க்குக் கொள்முதல் செய்ததை 125 ரூபாய்க்கு விற்றால், அடக்கத்தின் மேல் வைத்த லாபம் 25 சதவீதம். ஆனால் விற்ற தொகையில் லாபத்தின் பங்கு 20 சதவீதம்தான். கடைக்காரர்களும் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் மார்ஜின் என்று சொல்வது பெரும்பாலும் இரண்டாவதை. செய்திகளில் ஒரு விகிதம் கண்ணில் பட்டால், அது எதன் மேல் எடுக்கப்பட்ட விகிதம் என்று முதலில் கேளுங்கள்.

விளையாட்டுக் கருவிகளில் கடைக்காரருக்குக் கிடைப்பது மிக மெல்லிய பங்கு. அவர் கருவியை விற்பதே, பின்னால் விளையாட்டு அட்டைகளும் உறைகளும் மின்னேற்றிகளும் விற்கும் என்ற நம்பிக்கையில்தான். 2009-இல் சோனி வெளியிட்ட பிஎஸ்பி கோ இதற்கு நல்ல சான்று. அதில் வட்டு போடும் இடமே கிடையாது. எல்லா விளையாட்டுகளையும் இணையத்தில் சோனியிடமே வாங்க வேண்டும். அப்படியென்றால் எனக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்ட சில ஐரோப்பியக் கடைகள் அதை வாங்கி வைக்கவே மறுத்தன. கடைக்காரரின் பிழைப்பையும் சேர்த்து விலை வைக்காத கருவி அலமாரிக்கே வந்து சேராது.

வரியும் கடைக்காரரின் பங்கும் போக, மொத்த விநியோகஸ்தரின் கழிவு, கப்பல் அல்லது விமானக் கட்டணம், காப்பீடு ஆகியவற்றையும் கழித்த பின் நிற்பதே உற்பத்தி நிறுவனத்தின் கைக்குப் போகும் தொகை. பாகங்களின் விலையை ஒப்பிட வேண்டியது இந்தத் தொகையோடுதான். இதைச் செய்யாமல் கடை விலையையும் பாக விலையையும் நேருக்கு நேர் நிறுத்தியதால்தான், 2017-இல் ஐபோன் 10 பற்றி அவ்வளவு சத்தம் எழுந்தது. ஐஎச்எஸ் மார்கிட் என்ற ஆய்வு நிறுவனம் அதன் பாகங்களை 370 டாலர் என்று மதிப்பிட்டது, கடை விலை 999 டாலர், ஆக 63 சதவீதம் கொள்ளை லாபம் என்று எழுதினார்கள். ஆப்பிள் தானே வெளியிட்ட 2024 நிதியாண்டுக் கணக்கில், எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து மொத்த லாப விகிதம் சுமார் 37 சதவீதம். அதுவும் பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் 63 வேறு, 37 வேறு.

பாகப் பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

கழற்றிப் பார்க்கும் ஆய்வுகள் தரும் பாகப் பட்டியல் பயனுள்ளது. எந்தப் பாகத்தில் பணம் குவிகிறது என்று அது காட்டும். கைப்பேசியிலும் விளையாட்டுக் கருவியிலும் திரை, செயலி, நினைவகம் மூன்றும்தான் பெரும்பாலும் முன் வரிசை. கைப்பேசியில் கேமராவும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். மேற்சொன்ன ஐபோனில் திரைக்கு மட்டும் 110 டாலர் என்று கணிக்கப்பட்டது. ஒரு நிறுவனம் எங்கே கைவைத்துச் செலவைக் குறைத்திருக்கிறது என்று பார்க்க, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். சோனி 2013-இல் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற தன் கையடக்கக் கருவியின் புதிய வடிவத்தைக் கொண்டுவந்தபோது, பழையதில் இருந்த ஓஎல்இடி திரையை எடுத்துவிட்டுச் சாதாரண எல்சிடி திரையைப் பொருத்தியது.

ஆனால் பட்டியலில் ஏறாத செலவுகள் பல. கருவியை வடிவமைத்த பொறியாளர்களின் சம்பளம், மென்பொருள், மேற்கூட்டை வார்க்கும் அச்சுகள், சோதனையில் கழித்துப் போட்ட பாகங்கள், விளம்பரம், உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் கருவிகளைப் பழுது பார்ப்பது எனத் தொகை நீளும். கைப்பேசிக்குக் காப்புரிமைக் கட்டணமும் உண்டு. க்வால்காம் போன்ற காப்புரிமையாளர்கள் கருவியின் விற்பனை விலையில் ஒரு விகிதமாகத் தொகை வாங்குவதால், விலை ஏற ஏற அந்தச் செலவும் ஓரளவு ஏறும்.

இவற்றுள் ஒருமுறை மட்டும் ஆகும் செலவுகளைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொள்வது அவசியம், ஏனெனில் ஒரு கருவியின் தலையில் அவை எவ்வளவு விழும் என்பது விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்தது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, வடிவமைப்புக்கும் அச்சுகளுக்கும் மென்பொருளுக்கும் 100 கோடி ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் கருவிகள் விற்றால் தலைக்கு 1,000 ரூபாய். ஒரு லட்சம்தான் விற்றது என்றால் தலைக்கு 10,000 ரூபாய். பாகங்கள் அதே பாகங்கள், திருகாணிகூட மாறவில்லை. சிறிய நிறுவனத்தின் கருவி, பெரிய நிறுவனத்தின் அதே தரக் கருவியைவிட விலை கூடுதலாக இருப்பதற்குப் பேராசையைக் காட்டிலும் இந்த வகுத்தல் கணக்கே பெரும்பாலும் காரணம்.

3டிஎஸ் கணக்கின் மிச்சம்

இப்போது அந்த 67 டாலருக்குத் திரும்பலாம். கடைக்காரர், விநியோகம், கப்பல் கட்டணம், விளம்பரம், உத்தரவாதம், வடிவமைப்புச் செலவு என்று பெரும்பகுதி கரைந்திருக்கும் என்பது இதற்குள் புரிந்திருக்கும். ஆனால் நிண்டெண்டோவின் கணக்கில் இன்னொரு பெரிய ஓட்டை இருந்தது: நாணய மாற்று.

நிண்டெண்டோ ஜப்பானிய நிறுவனம். தன் லாபநட்டத்தை யென்னில்தான் கணக்கிடுகிறது. 2007-இன் நடுவில் ஒரு டாலருக்கு 120 யென்னுக்கு மேல் கிடைத்தது. 2011 ஜூலை இறுதியில், விலைக் குறைப்பு அறிவிக்கப்பட்டபோது, சுமார் 77 யென்தான். ஆக அமெரிக்காவில் 170 டாலருக்கு விற்கும் ஒரு கருவி, பழைய மாற்று விகிதத்தில் 20,400 யென் மதிப்புடையதாக இருந்திருக்கும். புதிய விகிதத்தில் 13,090 யென். கருவியில் ஒரு மாற்றமும் செய்யாமல் 7,300 யென் காற்றில் போய்விட்டது. டாலரில் வாங்கும் பாகங்கள் யென் கணக்கில் மலிந்திருக்கும் என்பது சரிதான். ஆனால் கியோட்டோவில் கொடுக்கும் சம்பளமும் ஜப்பானிலேயே வாங்கும் பாகங்களும் யென்னில்தானே. வெளிநாட்டுக் கருவியின் விலையை ஆராய்கிறவர், அதைச் செய்யும் நிறுவனத்தின் நாணயம் கடந்த ஓராண்டில் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நட்டம் என்று தெரிந்தே ஏன் குறைத்தார்கள்? கருவி விற்கவில்லை. கருவி வீடுகளுக்குப் போகாவிட்டால் விளையாட்டுகளை வாங்க ஆள் இருக்காது. வாங்க ஆள் இல்லாவிட்டால் பிற நிறுவனங்கள் அதற்கு விளையாட்டு எழுத மாட்டா. விளையாட்டு இல்லாத கருவியை யாரும் வாங்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, சோனி தன் வீட்டாவுக்கு அதே 249 டாலரை அறிவித்திருந்தது. அப்போதைய தலைவர் சதோரு இவாதா, ஜப்பானில் 25,000 யென்னை 15,000 யென்னாகக் குறைத்து, தன் சம்பளத்தையும் பாதியாக்கிக்கொண்டார். முதல் விலையில் வாங்கி ஏமாந்தவர்களுக்குப் பழைய விளையாட்டுகள் இருபது இலவசமாகத் தரப்பட்டன. 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிறுவனம் நட்டக் கணக்குக் காட்டியது. பிறகு உற்பத்திச் செலவு குறைந்து, 2012-இன் நடுப்பகுதியில் கருவியின் விலை அடக்க விலையைத் தாண்டியது. மொத்தத்தில் சுமார் 7.6 கோடி 3டிஎஸ் கருவிகள் விற்றன.

லாபம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது

3டிஎஸ் காட்டும் இந்தப் பாடத்தைப் பொதுவாக்கினால், விலையைப் படிப்பதில் மிக முக்கியமான கேள்வி கிடைக்கிறது. செய்ய எவ்வளவு ஆயிற்று என்பதைவிட, இந்த நிறுவனம் தன் லாபத்தை எங்கே எடுக்கப் போகிறது என்பதே விலையை அதிகம் விளக்கும். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களை நினைத்துக்கொள்ளலாம். வாடகை மலிவு என்று போய் விசாரித்தால், சமையல் ஒப்பந்தம் அவர்களுடையதாகவே இருக்கும்.

வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி 2022 பிப்ரவரியில் 399 டாலர் தொடக்க விலையில் வந்தது. அந்த விலையை எட்டியது வலி மிகுந்தது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல் முன்பே சொல்லியிருந்தார். வால்வ் வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனெனில் இணையத்தில் கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் கடையும் அதனுடையதே. அங்கே விற்கும் விளையாட்டுகளில் பொதுவாக 30 சதவீதம் அதற்கு வருகிறது, பெரும் விற்பனையைத் தாண்டினால் மட்டும் இந்தப் பங்கு குறையும். 60 டாலர் விளையாட்டு ஒன்று விற்றால் 18 டாலர். கருவியொன்றில் 50 டாலர் இழந்தாலும், வாங்கியவர் மூன்று விளையாட்டுகள் வாங்கினால் ஈடுகட்டிவிடலாம் (50 என்பது கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்). இதே வகைக் கருவியாக ஏசுஸ் 2023-இல் கொண்டுவந்த ஆர்ஓஜி அலை (ROG Ally) அமெரிக்காவில் 699.99 டாலர், இந்தியாவில் 69,990 ரூபாய். அதன் செயலி வேகமானது, திரையும் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலை வேறுபாடு முழுவதையும் அவை விளக்கிவிடா. ஏசுஸிடம் விளையாட்டுக் கடை இல்லை. அலை வாங்கியவர் ஸ்டீமில் செலவழிக்கும் பணம் வால்வுக்கே போகிறது. ஆகவே ஏசுஸ் தன் லாபத்தைக் கருவியை விற்கும் நாளிலேயே எடுத்தாக வேண்டும்.

அமேசானின் ஜெஃப் பெசோஸ், மின்புத்தகம் படிக்கும் கிண்டில் கருவிகளை அடக்க விலைக்கே விற்கிறோம் என்று 2012-இல் பிபிசியிடம் வெளிப்படையாகவே சொன்னார், லாபத்தைப் புத்தகத்தில் எடுத்துக்கொண்டார்கள். 2017-இல் ஜியோ தன் சாதாரணக் கைப்பேசியைத் திருப்பித் தரக்கூடிய 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்குக் கொடுத்தபோது, பணம் மாதாந்தர ரீசார்ஜில் இருந்தது. 2018-இல் ஷாவ்மியின் நிறுவனர் லெய் ஜுன், கருவிகளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று உறுதி சொன்னதும், இணையச் சேவைகளும் விளம்பரங்களும் வேறொரு வருமானமாக இருந்ததால்தான். மலிவான கைப்பேசியின் திரையில் விளம்பரம் தெரிந்தால் எரிச்சல்படுவதில் பயனில்லை. அது விலையின் ஒரு பகுதி.

சோனி வீட்டாவில் லாபம் இன்னும் சிறிய இடத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. கருவி 249 டாலர். ஆனால் அதில் சோனியின் தனி நினைவக அட்டை மட்டுமே பொருந்தும், 32 ஜிபி அட்டையின் விலை 99.99 டாலர். யானையை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவானா என்ற நம்பிக்கை. வாங்கியவர்கள் பேசினார்கள், அட்டையின் விலையைப் பற்றிய முணுமுணுப்பு அந்தக் கருவி மறையும் வரை ஓயவில்லை. எனவே எந்தக் கருவியையும் அதன் பெட்டி விலையில் மதிப்பிடாமல், இரண்டு ஆண்டு பயன்படுத்த வேறென்ன வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

எதிர்த் திசையில் நடந்தவர்களும் உண்டு. நிண்டெண்டோவின் வடிவமைப்பாளர் குன்பேய் யோகோய், பழகித் தேய்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கையுடையவர். 1989-இன் கேம் பாய் 12,500 யென். கறுப்பு வெள்ளைத் திரை, பின்னொளி கிடையாது, நான்கு பேட்டரிகள். அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்க்ஸில் வண்ணத் திரையும் பின்னொளியும் இருந்தன, அமெரிக்காவில் விலையும் ஏறக்குறைய இரு மடங்கு, பேட்டரியையும் வேகமாகத் தின்றது. எது வென்றது என்பது தெரிந்த கதை. 2017-இன் ஸ்விட்ச் கருவியிலும் 2015-இல் வெளிவந்திருந்த என்விடியா டெக்ரா செயலியே இருந்தது. அதை நட்டத்துக்கு விற்க மாட்டோம் என்று நிறுவனம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. 3டிஎஸ்ஸில் பட்ட சூடு மறந்திருக்காது.

படிக்கட்டு விலைகள்

ஒரே கருவியைப் பெரும்பாலும் நினைவக அளவை மட்டும் மாற்றி மூன்று விலைகளில் வைத்திருந்தால், அந்தப் படிகளில்தான் லாபம் தடிமனாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் 15-இல் 128 ஜிபியிலிருந்து 256-க்குப் போக 100 டாலர். ஸ்டீம் டெக்கின் முதல் பட்டியலில் 64 ஜிபி 399, 256 ஜிபி 529, 512 ஜிபி 649. கூடுதல் சில்லுக்கு நிறுவனம் கொடுப்பது இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியே. கீழ்ப் படி, விளம்பரத்தில் சொல்லிக்கொள்ள. நடுப் படி, விற்க. ஆகவே நினைவகத்தைப் பின்னால் நாமே கூட்டிக்கொள்ள முடியுமா என்று முதலில் விசாரியுங்கள். ஸ்டீம் டெக்கில் மைக்ரோ எஸ்டி அட்டை போடலாம். கீழ்ப் படியை வாங்கி அட்டை போட்டுக்கொள்வது பலருக்குப் போதும். ஐபோனில் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது.

காத்திருக்கலாமா

கருவி வந்து ஓராண்டு போனால் விலை இறங்கும் என்பது நீண்ட கால வழக்கு. பாகங்கள் மலியும், தயாரிப்பில் கழிவு குறையும், ஒருமுறைச் செலவு வசூலாகிவிடும். இப்போது அந்த வழக்கை அப்படியே நம்ப முடியாது. 2017-இல் 299.99 டாலருக்கு வந்த ஸ்விட்ச், எட்டு ஆண்டு கழித்து 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 339.99 டாலராக ஏற்றப்பட்டது. அந்த ஆண்டு அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகள் ஒரு பக்கம். அந்த விலையேற்றத்துக்குப் பின், ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால் ஏறிய விலை இன்னொரு பக்கம். காத்திருப்பதா என்று முடிவு செய்ய நான் பார்ப்பது இரண்டு: கருவியிலேயே லாபம் எடுக்கும் நிறுவனமா, போட்டிக் கருவி அருகில் வருகிறதா. இரண்டுக்கும் ஆம் என்றால், திருவிழாக் காலத் தள்ளுபடி வரை பொறுக்கலாம், ஏனெனில் குறைக்க அவர்களிடம் இடம் இருக்கிறது. ஏற்கனவே அடக்க விலையில் விற்பவரிடம் குறைக்க ஒன்றும் இல்லை.

நாட்டுக்கு நாடு விலை மாறுவதையும் செலவைக் கொண்டு மட்டும் விளக்க முயல வேண்டாம். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தபோது அமெரிக்காவில் 449.99 டாலர். ஜப்பானில் அப்போது அதற்கு இரண்டு விலைகள் இருந்தன: பல மொழிகளில் இயங்குவது 69,980 யென், ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்குவது 49,980 யென். உள்ளே இருக்கும் பாகங்கள் ஒன்றே. யென் சரிந்து கிடந்தபோது உள்ளூர்க் குடும்பங்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்து ஒரு விலை. மலிவாக வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவிடாமல் இருக்க மொழிப் பூட்டு.

அந்தப் பூட்டு இல்லாத கருவிகள்தான் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தனி இறக்குமதியாக வந்து நிற்கின்றன. ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. ஆகவே இங்கே கிடைப்பதன் விலையில் மேலே சொன்ன அடுக்குகளோடு, கொண்டுவந்தவரின் பங்கும் நாணய மாற்றும் ஏறியிருக்கும், நிறுவனத்தின் உத்தரவாதச் செலவு மட்டும் நம் பக்கம் வந்திருக்காது. பேரம் பேசும் முன் அமெரிக்க விலையை அன்றைய மாற்று விகிதத்தில் பெருக்கி, கேட்கும் விலையிலிருந்து கழித்து, மிஞ்சும் தொகைக்கு என்ன தருகிறீர்கள் என்று கேளுங்கள்: ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் உண்டா, பழுதானால் கடையே எத்தனை மாதம் பொறுப்பேற்கும், அதை பில்லிலேயே எழுதித் தருவார்களா.